விழித்தது ஒருவர், விலை கொடுத்தது இன்னொருவர்

கொஞ்ச நாளைக்கு முதல் தேத்தண்ணிக் கடையொன்றில் இரண்டு கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டு இருந்தேன். ஒருவன் யூரியூப்பில் நீளமான நேர்காணல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "மச்சான், குரங்கை மனுசனாக்கினதே காளான்தானாம். அதைத் திண்டுதான் மூளை வளர்ந்ததாம், மொழி வந்ததாம், சாமி வந்ததாம். இதையெல்லாம் எங்களுக்கு மறைச்சுப்போட்டாங்களாம்" என்றான். மற்றவன், "உதெல்லாம் போதைக்காரங்கட கதை, விடு" என்று ஒரே வெட்டாய் வெட்டினான். கதை அதோடு முடிந்தது. இன்னொரு தேத்தண்ணி சொல்லிக் குடித்துவிட்டு எழும்பினோம்.

வீட்டை வரும் வழியில்தான் யோசித்தேன். இவ்வளவு நேரமும் நாங்கள் கையில் வைத்திருந்ததும் மூளையில் வேலை செய்கிற ஒரு செடிதானே. உடம்பு களைக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். அது போய் ஒட்டுகிற இடத்தில் தேயிலையின் கஃபீன் முந்திக்கொண்டு ஒட்டிவிடும். அதனால் களைப்புத் தெரியாது. ஒரு நாள் குடிக்காட்டித் தலையிடி வரும். அந்தக் கடை வாசலில் தொங்கிய வெத்திலையும் பாக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சுருட்டும் அதே வகைதான். காளானைப் பற்றிச் சண்டை பிடித்த எங்களுக்கு இவை கண்ணில் படவே இல்லை.

மனத்தை மாற்றும் செடிகளைப் பற்றிய பேச்சு எங்களிடம் எப்போதும் இந்த இரண்டு பாட்டிலேயே நிற்கிறது. ஒன்று, அவை ஞானத்தின் வாசல். இல்லாட்டி, அவை நாசத்தின் வாசல். இரண்டு பேருமே அதைத் திண்டவரின் தலைக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அந்தச் செடியை யார் வளர்த்தார், யார் காத்தார், யார் பறித்தார், கடைசியில் யார் விலை கொடுத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் அந்தக் 'காளான் திண்ட குரங்கு' கதையை முடித்துவிடுவோம். அது அமெரிக்கரான டெரன்ஸ் மெக்கென்னா 1992இல் வெளியிட்ட ஒரு நூலால் பிரபலமான கருத்து. ஆபிரிக்கப் புல்வெளிகளில் மாட்டுச் சாணத்தில் முளைத்த காளான்களைத் தின்றதால்தான் எங்கள் மூதாதையரின் பார்வை கூர்மையானது, மொழி பிறந்தது என்பது அவருடைய வாதம். கேட்க வடிவாக இருக்கும். ஆனால் எலும்புகளிலோ, பழைய மனிதர் வாழ்ந்த இடங்களிலோ இதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. அதோடு, ஒரு தலைமுறை எதையோ தின்று மூளையில் மாற்றம் கண்டாலும் அது அப்படியே பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போய்விடாது. பரிணாமத்தை ஆராய்பவர்கள் இதை ஏற்றுக்கொள்வதில்லை. இதில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இந்தக் கதையில் காளான் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, மெக்கென்னா இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்தக் காளானைக் காத்துவந்த மனிதர்களுக்கு அதில் வேலையே இல்லை. (காளான் செடியல்ல, பூஞ்சை என்பது தெரியும். ஆனாலும் இந்தப் பேச்சில் எல்லாரும் அதையும் செடிகளோடுதான் சேர்க்கிறார்கள், நானும் சேர்க்கிறேன்.)

அந்த மனிதர்களில் ஒருவரின் பெயர் மரியா சபினா. மெக்சிக்கோவின் ஓஹாக்கா மாநிலத்தில், மலைக்கு மேலே உள்ள ஹுவாவுட்லா என்ற ஊரைச் சேர்ந்த மசாடெக் பழங்குடிப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. பேசியது மசாடெக் மொழி. அவருடைய ஊரில் யாருக்காவது வருத்தம் வந்து, என்ன வருத்தம் என்று பிடிபடாதபோது, இரவில் ஒரு சடங்கு நடக்கும். நோயாளி, குடும்பத்தார், மரியா சபினா எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். குணப்படுத்துபவரும் காளானை உண்பார். விடியும்வரை பாடுவார், கை தட்டுவார், நோயின் காரணத்தைத் தேடுவார். அந்தக் காளான்களை அவர்கள் 'புனிதக் குழந்தைகள்' என்று அழைத்தார்கள். சடங்கில் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்களும் வரும், பழைய மலைத் தெய்வங்களும் வருவார்கள். ஸ்பானியர் வந்த காலத்திலிருந்து இப்படியான வழக்கங்களைத் திருச்சபை நசுக்கிக்கொண்டே வந்தது. 1620இல் பெயோட்டி என்ற கள்ளிச்செடியை உண்பதை மெக்சிக்கோவின் சமய விசாரணை மன்றம் தடைசெய்தது. அதனால் இந்த மக்கள் மூன்று நூற்றாண்டுகளாக இந்த அறிவை இரவுக்குள், வீட்டுக்குள், வாய்மொழிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

1955 ஜூன் கடைசியில், நியூயோர்க்கின் ஜே. பி. மோர்கன் வங்கியில் துணைத் தலைவராக இருந்த கோர்டன் வாசன் அந்த ஊருக்குப் போனார். காளான்களின் வரலாற்றில் அவருக்குப் பெரும் ஆர்வம். ஊர் அதிகாரி ஒருவர் சொல்லி அனுப்பியபடியால் மரியா சபினா அவரை உள்ளே விட்டார். 29ஆம் திகதி இரவு வாசனும் அவரோடு வந்த படப்பிடிப்பாளரும் காளானை உண்டார்கள். 1957 மே 13இல் 'லைஃப்' சஞ்சிகையில் வாசனின் கட்டுரை படங்களோடு வெளிவந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் இலட்சக்கணக்கில் வாசிக்கப்பட்ட சஞ்சிகை அது. மரியா சபினாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனால் தேடுகிறவர்களுக்கு ஊரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை.

பிறகு நடந்தது இரண்டு தனித்தனி வரலாறுகள்.

முதலாவது, காளானின் வரலாறு. 1958இல் சுவிற்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனத்தில் வேலை செய்த வேதியியலாளர் அல்பேர்ட் ஹொஃப்மன் அதிலிருந்து சைலோசைபின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1960இல் ஹார்வர்ட் விரிவுரையாளர் திமோதி லியரி மெக்சிக்கோவில் காளானை உண்டுவிட்டுப் போய், அதைப் பல்கலைக்கழக ஆய்வாக்கி, பின்னர் ஒரு இயக்கமாகவே ஆக்கினார். 1970இல் அமெரிக்கச் சட்டம் அதை மருத்துவப் பயனே இல்லாத பொருட்களின் பட்டியலில் போட்டது. ஆய்வுகள் நின்றுபோயின. 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில் பங்குபற்றியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்த அனுபவம் தங்கள் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களுக்குள் ஒன்று என்று சொன்னார்கள். மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடத்திய பெரிய பரிசோதனையொன்றின் முடிவுகள் 2022இல் வந்தன. ஒரு தடவை கொடுத்த 25 மில்லிகிராம் அளவு, மூன்று வாரத்தின் பின்னர் மனச்சோர்வைக் குறைத்திருந்தது. 2023 ஜூலையிலிருந்து அவுஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள் அதைப் பரிந்துரைக்கலாம். மாத்திரைக்குள் இருக்கும் பளிங்கு வடிவத்துக்கே காப்புரிமை எடுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, மரியா சபினாவின் வரலாறு. அறுபதுகளில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஹுவாவுட்லாவுக்கு வந்தார்கள். நோய் ஏதும் இல்லாதவர்கள், 'கடவுளைப் பார்க்க' வந்தவர்கள், பகலிலும் தெருவிலும் காளானைத் தின்றார்கள். பொலிஸும் இராணுவமும் பின்னால் வந்தன. ஊரார் இதற்கெல்லாம் காரணம் அவர்தான் என்று கோபப்பட்டார்கள். அவருடைய வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. பொலிஸ் அவரை விசாரித்தது. பின்னாளில் அல்வாரோ எஸ்ட்ராடா என்ற மசாடெக் எழுத்தாளரிடம் தன் வாழ்க்கையைச் சொன்னபோது, வெளியார் வந்த பிறகு காளான்கள் தங்கள் பலத்தை இழந்துவிட்டன என்று அவர் வருந்தினார். நோய் தீர்க்கத்தான் அவை எடுக்கப்பட்டன, வெறுமனே கடவுளைக் காண்பதற்காக அல்ல என்பதும் அவர் சொன்னதுதான். 1985இல் வறுமையிலேயே செத்துப்போனார்.

வாசன் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு மரியா சபினா மேல் உண்மையான மரியாதை இருந்தது, பின்னர் நடந்தவற்றுக்கு வருந்தியும் எழுதினார். இந்த ஆய்வுகளும் பொய்யில்லை. சைலோசைபின் உடம்புக்குள் போனதும் மாறி, மூளையில் செரட்டோனின் ஒட்டுகிற இடங்களில் ஒன்றில் போய் ஒட்டுகிறது. 'நான்' என்ற எண்ணத்தோடு தொடர்புபட்டதாகக் கருதப்படும் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான வழமையான ஒத்திசைவு அப்போது தளர்வதைப் படங்களில் காட்டியிருக்கிறார்கள். மனச்சோர்வில் ஒரே எண்ணத்துக்குள் சுழன்றுகொண்டிருப்பவருக்கு இந்தத் தளர்வு உதவலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. போர், காணாமல் போனவர்கள், பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் தாண்டி வந்த எங்கட சமூகத்தில் இப்படியான மருந்துகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது வேறு. இன்றைக்கு இந்த ஆய்வுகளில் நோயாளியைத் தனியாக விடுவதில்லை. அமைதியான அறை, படுக்கை, தெரிவு செய்த இசை, பக்கத்தில் பயிற்சி பெற்ற இரண்டு பேர், முன்னும் பின்னும் நாட்கணக்கில் உரையாடல். இவை இல்லாமல் வெறும் குளிசையைக் கொடுத்தால் போதாது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். யோசித்துப் பாருங்கோ. இருட்டறை, பாட்டு, விடியும்வரை பக்கத்தில் இருக்கும் ஒரு ஆள். ஹுவாவுட்லாவில் இது ஏற்கெனவே இருந்தது. விஞ்ஞானம் முதலில் காளானை எடுத்தது, பிறகு அதிலிருந்து மூலக்கூறை எடுத்தது, ஐம்பது வருடம் கழித்து அந்த அறையையும் திரும்பக் கட்டிக்கொண்டது. அறையை முதலில் வைத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்றால், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

அந்தீஸ் மலைத்தொடரின் கொக்கா இலையை எடுத்துக்கொண்டாலும் இதே வடிவம்தான். இதைச் சொன்னால் எங்களுக்கு உடனே விளங்கும், ஏனென்றால் அதைப் பாவிக்கும் முறை எங்கட வெத்திலை போடுகிற முறையை ஒத்தது. பொலிவியாவிலும் பெருவிலும் உள்ள மலைவாழ் மக்கள் காய்ந்த கொக்கா இலையைக் கொடுப்புக்குள் அடக்கி, கூடவே சாம்பலோ சுண்ணாம்போ கொஞ்சம் சேர்ப்பார்கள். நாங்கள் பாக்குக்குச் சுண்ணாம்பு சேர்ப்பதுபோல. வாயின் காரத்தன்மை கூடினால்தான் இலையின் வேலை நன்றாக நடக்கும். இரசாயனம் படிக்காமலே, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த மனிதர்கள் ஒரே நுட்பத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு இலை கொடுப்பது, பூமிக்கு இலை வைப்பது, கலியாணப் பேச்சில் இலை மாற்றுவது எல்லாம் அங்கேயும் உண்டு.

1545இல் பொத்தோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. நாலாயிரம் மீற்றர் உயரத்தில், சுரங்கத்துக்குள், பழங்குடிகளைக் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள். கொக்காவைப் பிசாசின் இலை என்று கண்டித்த பாதிரிமாரும் இருந்தார்கள். ஆனால் பசியும் குளிரும் களைப்பும் தெரியாமல் வேலை நடக்க அந்த இலை தேவை என்று கண்டதும் அது பெரும் வியாபாரமாகியது. திருச்சபைக்கே அதில் வருமானம் வந்தது. சடங்கில் எப்போதாவது வந்த இலை, வேலை நேரத்தை நீட்டும் இலையாக மாறியது.

பிறகு 1860ஐ ஒட்டி ஜேர்மனியில் அல்பேர்ட் நீமன் இலையிலிருந்து கொக்கெய்னைப் பிரித்தெடுத்தார். இலையில் ஒரு வீதம் அளவுக்குத்தான் அந்தப் பொருள் இருக்கும். நூறு பங்கு இலையில் கரைந்து கிடந்த ஒன்றைத் தூளாக்கி மூக்கால் இழுத்தால் அது வேறு பொருள். அந்தத் தூள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்டாக்கிய பிரச்சினைக்குத் தண்டனை இலைக்குக் கிடைத்தது. 1961இல் வந்த ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் சாசனம், கொக்கா இலை மெல்லும் வழக்கம் 25 வருடங்களுக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என்றது. அதே சாசனம், போதைச் சத்தை நீக்கிவிட்டால் அதே இலையைச் சுவையூட்டியாகப் பாவிக்கலாம் என்றும் இடம் விட்டது. குளிர்பானக் கொம்பனிக்கு வழி இருந்தது, மலையில் இருந்த கிழவிக்கு இல்லை. கொக்கா விவசாயிகளின் சங்கத் தலைவராக இருந்து ஜனாதிபதியான ஈவோ மொராலெஸ் 2009இல் வியன்னாவில் ஐ.நா. கூட்டத்திலேயே ஒரு இலையை எடுத்து வாயில் போட்டு மென்றார். பொலிவியா அந்தச் சாசனத்தை விட்டு வெளியேறி, இலை மெல்லும் உரிமையைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு 2013இல்தான் திரும்ப உள்ளே வந்தது.

இந்த இடத்தில், "பார்த்தியா, பாரம்பரியமாப் பாவிச்சா ஒண்டும் செய்யாது, வெள்ளைக்காரன்தான் பழுதாக்கினவன்" என்று என் கூட்டாளி துள்ளுவான். அவனுக்காகவே எங்கட வெத்திலைத் தட்டத்துக்கு வருகிறேன்.

வெத்திலை பாக்கை விடச் சடங்கால் சூழப்பட்ட செடி எங்களிடம் வேறு இல்லை. கோயில், கலியாணம், செத்தவீடு எதுவும் அது இல்லாமல் நடக்காது. ஆனால் அந்தச் சடங்கு எங்களைக் காப்பாற்றவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்னிலையில் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிகொலின் என்ற பொருள் வாய்த்தோலை இறுக்கும், வாய் திறக்க ஏலாமல் பண்ணும். அதற்கு நீங்கள் தட்டத்தை எந்தக் கையால் நீட்டினீர்கள் என்பது தெரியாது.

ஆக, பாரம்பரியம் என்ற சொல் எதையும் பாதுகாப்பானதாக ஆக்காது. இயற்கை என்ற சொல்லும் அப்படித்தான். ஊமத்தையும் இயற்கைதான், அதன் விதை ஆளையே கொல்லும்.

அதோடு, யார் நாள் முழுக்க வெத்திலை போட்டார்கள் என்றும் பார்க்க வேணும். கலியாணத்தில் ஒரு வாய் போட்டவர்களை விட, வயலில், கடலில், தோட்டத்தில் வேலை செய்தவர்கள்தான் புகையிலையும் சேர்த்துப் பொழுது முழுக்க மென்றார்கள். பசியை அடக்க, குளிரைத் தாங்க, வேலையை இழுக்க. பொத்தோசியில் நடந்த அதே காரியம்தான். சடங்குப் பக்கமும் ஒன்றும் வெள்ளையில்லை. தட்டம் யார் முன்னால் நீட்டப்பட்டது, யார் முன்னால் நீட்டப்படவில்லை என்பதில் எங்கட சாதி ஒழுங்கு முழுவதும் இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் போய் இங்கே கல்வீடுகளைக் கட்டித் தந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளின் சடங்குச் செடிதான் அது. இங்கே அது காசுப் பயிர். பட்டையால் தண்ணி இறைத்தவரின் பெயர் அந்த வீடுகள் எதிலும் இல்லை.

கடைசியாக, எங்கட கையில் இருந்த தேத்தண்ணி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முதல் இங்கே கோப்பி. அதுவும் கஃபீன் செடிதான். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததும் மலைநாடு தேயிலைக்கு மாறியது. கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், தொடக்க காலங்களில் மன்னாரில் இறங்கிக் காட்டுப்பாதையால் மலைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் செத்தவர்கள் கனபேர். இங்கிலாந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி தூங்காமல் வேலை செய்யத் தேவையான விழிப்பு இங்கே லயன் அறைகளில் இருந்து பறித்து அனுப்பப்பட்டது. இதே தேயிலையைச் சீனாவில் வாங்குவதற்காகத்தான் அதே சாம்ராச்சியம் அங்கே அபினை விற்றது. சீனா தடுத்தபோது 1839இல் போருக்குப் போனது. பிறகு அதே ஆட்சிதான் 1929இல் எங்களுக்கு அபாயகரமான ஔடதங்கள் பற்றிய சட்டத்தையும் எழுதித் தந்தது.

1948இல் இந்த நாடு சுதந்திரம் பெற்ற வருடமே, குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரைக்கும் சட்டம் தேவைப்பட்டது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு செடி மனித வரலாற்றை மாற்றியது என்பதற்கு உதாரணம் வேணும் என்றால் ஆபிரிக்கப் புல்வெளிக்கும் குரங்குக்கும் போகத் தேவையில்லை. நுவரெலியாவுக்குப் போற பஸ்ஸில் ஏறினால் காணும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். சமூகங்கள் மனத்தை மாற்றும் செடிகளை நன்மை தீமை பார்த்துப் பிரித்ததாக எனக்குத் தெரியவில்லை. வேலையை நீட்டும் செடிகளுக்கு, அதாவது தேயிலை, கோப்பி, புகையிலை, சீனிச் சுரங்கம் தோட்டம் எங்கும் போன எல்லாவற்றுக்கும், கடை திறந்தார்கள், கப்பல் விட்டார்கள். வேலையை நிறுத்தி ஒரு இரவு முழுக்க ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்ன செடிகளைப் பிசாசு என்றார்கள், குற்றம் என்றார்கள். இப்போது அவற்றுக்கும் சந்தை கண்டபிறகு மருந்து என்கிறார்கள். தொலைதூரத்து நிறுவனங்களில் நாள் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் வேலைத்திறனைக் கூட்டக் காளானைச் சிறு அளவில் எடுக்கிறார்கள் என்று வாசிக்கும்போது, அதுவும் கடைசியில் தேத்தண்ணி வரிசைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

அப்போ எங்கட ஊரில் பொடியள் ஐஸ் பாவிக்கிறதுக்கு என்ன சொல்லுறாய் என்று கேட்பீர்கள். ஐஸ் செடி இல்லை, ஆய்வுகூடச் சரக்கு. அதைச் சுற்றி இரவும் இல்லை, பாட்டும் இல்லை, பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆளும் இல்லை. காசு வாங்குகிறவன் மட்டும் இருக்கிறான். அதை ஞானம் என்று விற்பவனை நம்பக் கூடாது. அதேநேரம், அதில் விழுந்தவனைப் பிடித்து அடித்து மறியலில் போட்டால் முடிந்தது என்று நினைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஹுவாவுட்லாவில் ஒருவருக்கு ஏலாமல் போனால், ஒரு வீடே விடியும்வரை விழித்திருந்தது. எங்களிடம் ஒருவன் உடைந்து போனால் விழித்திருக்க யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்கு எந்தக் காளானும் பதில் சொல்லாது, எந்தச் சட்டமும் பதில் சொல்லாது. மனநோய் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு இந்தப் பொருட்கள் மோசமாகத் திரும்பலாம் என்பதையும், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் அறைக்குள் செய்து பார்க்கும் விசயம் இது இல்லை என்பதையும் கூட்டாளிக்குச் சொல்லத்தான் வேணும்.

அடுத்த முறை அவனைச் சந்திக்கும்போது காளான் கதையைத் தொடரத்தான் போகிறேன். குரங்கிலிருந்து தொடங்காமல் மரியா சபினாவிலிருந்து தொடங்குவோம் என்று சொல்வேன். மற்றவன் "போதைக்காரங்கட கதை" என்று திரும்பவும் வெட்டினால், அவன் கையில் இருக்கிற கோப்பையைக் காட்டி, அதைப் பறித்தவ இன்றைக்கு எத்தனை கிலோ பறித்திருப்பா என்று கேட்பேன். தேத்தண்ணியைக் குடிக்க வேண்டாம் என்று இல்லை. நானும் குடிப்பேன், சீனி கூடப் போட்டு.